உருட்டாத ஓடு

மே மாதம் சர்ச்சின் நிலவறையில் கூடிய பை கமிட்டியில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். பை என்றால் மாவு ஓட்டுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம். ஆர்வில்லாவின் பெயரை அந்த வருஷம் பை கொண்டுவருவோர் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா என்று தலைவி யூனிஸ் கேட்டாள். ஐந்து கைகளும் உயர்ந்தன. அதில் ஒன்று என்னுடையது. ஆர்வில்லா என் அண்ணன் வெண்டலின் மனைவி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

யூனிஸ் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவள் குரல் தழுதழுத்தது. ஆர்வில்லா பாவம், அவளைச் சிரமப்படுத்தக் கூடாது, பேப்பர் நாப்கின் கொண்டுவரச் சொல்வோம், அதுவும் பங்களிப்புதானே என்றாள். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரக்கப்படும்போது மனிதர்களுக்குக் கை சுலபமாக உயர்ந்துவிடுகிறது.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை சர்ச் புல்வெளியில் பை விருந்து நடக்கும். ஊர்த் தீயணைப்புப் படைக்கு வேண்டிய குழாய், கோட்டு, காலணி எல்லாம் அந்த ஒருநாள் வசூலில்தான் வாங்குவார்கள். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் காரில் வருவார்கள். பாதிப்பேர் நேராக ஆர்வில்லாவின் செர்ரிப் பை இருக்கும் இடத்துக்குத்தான் போவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அவள் ஆறு பை கொண்டுவந்தாள். தன் வீட்டுப் பன்றியின் கொழுப்பை உருக்கி, அதில் மாவு பிசைந்து, கண்ணாடிபோல் மெல்லிசாகத் தேய்த்து, மேலே பாய்முடைந்த மாதிரி பட்டைகளைப் பின்னியிருப்பாள். கத்தி வைத்தால் ஓடு சருகு மாதிரி நொறுங்கும். உள்ளே புளிப்புச் செர்ரி சிவந்து கிடக்கும். மணி ஒன்று அடிப்பதற்குள் ஆறும் காலி.

அந்தப் பிப்ரவரியில், கோழிக்கூண்டில் உறைந்துபோன தண்ணீரை உடைக்கப் போன ஆர்வில்லா அங்கேயே விழுந்தாள். பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது வலது கை தோளிலிருந்து தொங்கியது. வலது காலை இழுத்து நடந்தாள். பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் கிணற்றிலிருந்து இழுத்து வருவதுபோல் மெதுவாக வந்தது. அவளுக்கு அறுபத்தோரு வயது.

முடிவைச் சொல்லிவர என்னைத்தான் அனுப்பினார்கள். நான் போனபோது அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு ஜாடியின் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள். ஜாடியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கியிருந்தாள். நான் உதவக் கை நீட்டினேன். அவள் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் கையைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன். கமிட்டி சொன்னதை எவ்வளவு இதமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு இதமாகச் சொன்னேன்.

"நாப்கின்," என்றாள் அவள்.

"பேப்பர் நாப்கின். வெண்டல் கடையில வாங்கிடுவான். உனக்கு ஒரு சிரமமும் இல்ல."

"லோரீன். நீயும் கை தூக்கினியா?"

பொய் சொல்ல நினைத்தேன். ஆனால் ஆர்வில்லாவிடம் பொய் சொல்லி யாரும் தப்பியதில்லை. ஆமாம் என்றேன்.

மூடி அப்போது திறந்துகொண்டது. அதை மேஜைமேல் வைத்தாள். "ஆறு பை கொண்டுவரேன். போய்ச் சொல்லு. நாப்கினுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லு," என்றாள்.

நான் அதை யூனிஸிடம் சொன்னேன். யூனிஸ் பெருமூச்சு விட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள், ஆகஸ்டுக்குள் அவளுக்கே புரிந்துவிடும் என்றாள். அடுத்த வாரம் அவளே ஆர்வில்லா வீட்டுக்குப் போய், கடையில் விற்கும் உறையவைத்த ஓடு இரண்டு டஜனைக் கொடுத்துவிட்டு வந்தாள். பழத்தை மட்டும் ஊற்றிச் சுட்டுக்கொள், யாருக்கும் தெரியாது, நானும் சொல்ல மாட்டேன் என்றாளாம். ஆர்வில்லா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். யூனிஸின் கார் மறைந்ததும் வெண்டலைக் கூப்பிட்டுப் பன்றிக்குப் போடச் சொன்னாள். பன்றி ஒன்றைக் கடித்து முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது என்று வெண்டல் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அது பாதிதான் உண்மை. பன்றி எல்லாவற்றையும் தின்றது.

ஜூன் மாதம் முழுவதும் அந்த வீட்டில் மாவுதான். வெண்டல் ஈரத்துணி ஒன்றை மேஜையில் விரித்து, அதன்மேல் பலகையை வைத்து நகராமல் செய்து கொடுத்தான். ஆர்வில்லா ஒரு கையால் கொழுப்பைப் பிசைந்தாள். அதுவரை சரியாக வந்தது. மாவு தேய்க்கும் கட்டையை எடுத்ததும்தான் தொல்லை. ஒற்றைக் கையால் கட்டையின் நடுவில் அழுத்தித் தள்ளினால் மாவு ஒரு பக்கம் தடித்து, ஒரு பக்கம் கிழிந்தது. கட்டை உருண்டு மேஜையிலிருந்து விழுந்தது. ஒருநாள் நான் போனபோது கட்டை அடுப்புக்குக் கீழே கிடந்தது. அது தானாக உருண்டு போனதாகத் தெரியவில்லை.

வெண்ணெய் ஓடு செய்து பார்த்தாள். வெண்ணெய் கைச்சூட்டில் சீக்கிரம் இளகும், அதனால் இரண்டு கையும் வேகமாக ஓட வேண்டும். அவளுடைய ஒரு கை முடிப்பதற்குள் மாவு கொழகொழத்துப் போயிற்று. பிஸ்கட்டைப் பொடித்து வெண்ணெய் விட்டு அழுத்தினாள். எலுமிச்சைக் கூழுக்கோ பாலேட்டுக்கோ அது ஒத்துவரும். செர்ரிச் சாறு பட்டதும் ஈர மணலாகிவிட்டது. கரண்டியால் அள்ளித்தான் தின்ன வேண்டியிருந்தது. தோற்ற பை எல்லாம் வெண்டலின் வயிற்றுக்குத்தான் போயின. ஜூன் முடிவதற்குள் அவன் இடுப்பு வாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது.

ஒருநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் உட்கார்ந்து மாவைத் தேய்த்துத் தருகிறேன், நீ பழத்தைப் பார்த்துக்கொள், பெயர் உன் பெயர்தான், யார் கேட்கப் போகிறார்கள் என்றேன். உண்மையாகவே அன்போடுதான் சொன்னேன். கை தூக்கியதற்குப் பிராயச்சித்தமாகவும் இருக்கட்டும் என்று எண்ணியிருந்தேன்.

அவளுடைய சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"காலைல என் சட்டைப் பொத்தானை வெண்டல் போடறான். தலையை வெண்டல் வாரறான். இறைச்சியை வெட்டித் தரான். எல்லாத்துக்கும் சரின்னுட்டேன். இதுக்குச் சரின்னா, லோரீன், அப்புறம் எதை என்னோடதுன்னு சொல்றது?"

நான் எழுந்து பாத்திரம் கழுவினேன். அதற்கு அவள் மறுப்புச் சொல்லவில்லை.

ஜூலை முதல் வாரம், தோட்டங்களில் மரத்தை உலுக்கிச் செர்ரி பறிக்கத் தொடங்கிய அன்று, ஆர்வில்லா எனக்குப் போன் செய்தாள். காரை எடுத்துக்கொண்டு வா, ஏரிச் சாலைக்குப் போக வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். ட்வைலாவைப் பார்க்க வேண்டும் என்றாள். நான் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ட்வைலாவின் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் புதிதாகக் கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தாள். தெற்கே வேறொரு மாநிலத்துப் பெண், இருபத்தாறு வயது. பை விருந்துக்கு ஆசையாக ஒரு பை செய்து கொண்டுவந்தாள். அதன் ஓடு கட்டையால் தேய்த்தது இல்லை. எண்ணெயில் மாவைக் கலந்து, தட்டிலேயே விரலால் அழுத்தியது. மேலே பின்னலும் இல்லை, உதிர்த்த மாவுதான். அப்போது கமிட்டித் தலைவி ஆர்வில்லா. நிலவறைச் சுவரில் சட்டம்போட்டு ஒரு காகிதம் மாட்டியிருக்கும்: பை என்றால் அடியிலும் மேலிலும் ஓடு, இரண்டும் வீட்டில் கட்டையால் தேய்த்தது. ஆர்வில்லா அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்லி, பை மேஜையிலிருந்து எடுத்து 'மற்ற இனிப்புகள்' மேஜையில், நடுங்கும் ஜெல்லிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். ட்வைலா தன் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதன்பிறகு அவள் பை விருந்துக்கு வந்ததில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனபோதும் எங்கள் யாரிடமும் வந்து அழவில்லை. ஏரிச் சாலையில் தூண்டில் கடை போட்டுப் பிழைத்துக்கொண்டாள்.

நாங்கள் போனபோது அவள் ஒரு ஆளுக்கு மண்புழு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆர்வில்லா கடைப் படியை ஏற வெகுநேரம் ஆயிற்று. ட்வைலா அதைப் பார்த்தாள், ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. வாங்க வந்தவன் போகும்வரை காத்திருந்தாள்.

"என்ன வேணும்? புழுவா, மீன்குஞ்சா?"

"ஓடு," என்றாள் ஆர்வில்லா. "நான் திருப்பி அனுப்பினேனே, அந்த ஓடு."

ட்வைலா கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

"இருக்கு. கொழந்தை மண்ணுல கை வெச்சு அழுத்தின மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாலயும்."

"எல்லார் முன்னாலயும்தான்." ஆர்வில்லா கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வாக்கியத்துக்கு அவள் மூச்சைச் சேர்த்துக்கொள்வது தெரிந்தது. "நல்லா இல்லன்னு சொல்லல. தின்னுகூடப் பாக்கல நான். பாக்காமலே சொன்னேன். அது தப்பு."

கடைக்குள் மீன்தொட்டியின் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தூண்டில் முட்களைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

"நீங்க மன்னிப்புக் கேக்கறதே சண்டைக்கு வந்த மாதிரி இருக்கு," என்றாள் ட்வைலா.

"எனக்கு இதுக்குமேல வராது. சொல்லித் தருவியா, மாட்டியா?"

ட்வைலா கதவில் தொங்கிய அட்டையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் திருப்பினாள்.

கடைக்குப் பின்னால்தான் அவள் வீடு. அவள் பேசியதெல்லாம் வேலையைப் பற்றித்தான். மாவு, உப்பு, ஒரு கரண்டி சர்க்கரை ஆகியவற்றைத் தட்டிலேயே கொட்டினாள். ஒரு கோப்பையில் எண்ணெயும் குளிர்ந்த பாலும் ஊற்றி முள்கரண்டியால் அடித்தாள். அதை மாவில் விட்டுக் கிளறினாள். கிண்ணம் இல்லை, பலகை இல்லை, கட்டை இல்லை. பிறகு தன் வலது கையைத் தானே முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அதை யாரும் கேட்கவில்லை. இடது கையால் முதலில் தட்டின் ஓரங்களில் மாவை ஏற்றினாள், பிறகு அடியில் பரப்பினாள். ஒரு கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தால் அழுத்திச் சமன் செய்தாள்.

ஆர்வில்லா கேட்ட முதல் கேள்வி, செர்ரிச் சாறு இதை ஊறவைத்துவிடாதா என்பது. பச்சைப் பழத்தை ஊற்றினால் ஊறத்தான் செய்யும் என்றாள் ட்வைலா. அதனால் ஓட்டை வெறுமனே முதலில் சுட வேண்டும். பாதி சிவந்ததும் வெளியே எடுத்து, உள்பக்கம் முழுக்க முட்டை வெள்ளையைத் தடவி, மறுபடி இரண்டு நிமிஷம் சூடு காட்ட வேண்டும். அது மெழுகு பூசியதுபோல் சாற்றைத் தடுக்கும். பழத்தைத் தனியாகச் சர்க்கரையும் சோளமாவும் சேர்த்து அடுப்பில் காய்ச்சி, சாறு கனத்துப் பளபளவென்று வந்ததும் ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மேலே ஓட்ஸும் மாவும் பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயும் விரலால் உதிர்த்துத் தூவ வேண்டும். ஆப்பிளுக்கு இந்த ஓடு ஆகாது, பச்சை ஆப்பிள் வேக ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் ஓரம் கருகிவிடும். செர்ரிக்கும் புளூபெரி என்னும் நீலப்பழத்துக்கும் இதைவிட நல்ல ஓடு கிடையாது. இதையெல்லாம் புழு போட்டுக் கொடுக்கும் அட்டைப்பெட்டியின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

ஆர்வில்லா அங்கேயே ஒரு துண்டு தின்றாள். பாதியில் நிறுத்தி, ஓட்டை மட்டும் உடைத்து வாயில் போட்டு மென்றாள். "கொழுப்பு ஓடு மாதிரி இது இதழிதழா வராது," என்றாள்.

"வராது," என்றாள் ட்வைலா. "வரணும்னு யார் சொன்னா?"

ஆர்வில்லா செய்த முதல் ஓடு ஓரம் உடைந்தது. இரண்டாவது அடியில் கனத்துவிட்டது. மூன்றாவதை அவள் கோபத்தில் கோழிக்குப் போட்டாள். ஒன்பதாவதை வெண்டல் தின்றுவிட்டு, பேசாமல் தட்டை நீட்டினான். அதுவரை அவன் இரண்டாவது துண்டு கேட்டதில்லை. ஆர்வில்லா அதைக் கவனித்தாள் என்றும், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை என்றும் அவன் பிற்பாடு எனக்குச் சொன்னான்.

விருந்தன்று காலை பத்து மணிக்கெல்லாம் வெண்டலின் வண்டி சர்ச் வாசலுக்கு வந்துவிட்டது. பின்பக்கம் மரப்பெட்டியில் ஆறு பை. ஆறுக்கும் முன்னால் நிறுத்த ஒரு அட்டை. இடது கையால் எழுதிய கோணல் எழுத்து: செர்ரி. கையால் அழுத்திய ஓடு. செய்தது ஆர்வில்லா.

பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கன்னத்தில் முத்தமிட்டார்கள், எவ்வளவு நன்றாக இருக்கிறாய் என்றார்கள். அவள் மர நிழலில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, யூனிஸும் இன்னொருத்தியும் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். ஆர்வில்லா தலைநிமிர்ந்து பார்த்தபோது, அவளுடைய ஆறு பையும் 'மற்ற இனிப்புகள்' மேஜையில் அழகாக அடுக்கியிருந்தன. அட்டையைக் காணோம். மேஜைக்கு அடியில் விழுந்திருந்தது, அல்லது யாரோ போட்டிருந்தார்கள். பை மேஜை புல்வெளியின் மறுகோடியில், கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஆர்வில்லா எழுந்தாள். காலை இழுத்துக்கொண்டு போய், ஒரு பையை இடது உள்ளங்கையில் ஏந்தி, மார்போடு அணைத்து, புல்வெளியைக் கடந்து நடந்தாள். நாற்பது அடி இருக்கும். அதற்குள் மக்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வழியில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். பை மேஜையில் யூனிஸின் பையைச் சற்றுத் தள்ளி, இடம் செய்து, தன்னுடையதை வைத்தாள். திரும்பி நடந்தாள். இரண்டாவதை எடுத்தாள்.

மூன்றாவது நடையில் நான் ஓடிப்போய்க் கை நீட்டினேன். "வேணாம்," என்றாள். வெண்டல் தன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வண்டியருகில் நின்றான். அவன் கண்ணில் தண்ணீர். ஆனால் அவன் என்னைவிட அவளை அறிந்தவன், ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

நான்காவது நடையில் யூனிஸ் வழியில் வந்து நின்றாள். அவள் முகம் சிவந்திருந்தது. எல்லோரும் பார்க்கிறார்களே என்ற தவிப்பு அதில் இருந்தது. "ஆர்வில்லா, உன்னை யாரும் குறைச்சு மதிக்கல," என்றாள் தாழ்ந்த குரலில். "சட்டம்னு ஒன்னு இருக்குல்ல. சுவத்துல மாட்டியிருக்கு. இத்தனை வருஷம் நீயே காப்பாத்தின சட்டம்தானே?"

ஆர்வில்லா பையை அணைத்தபடியே நின்றாள். கால் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஆமா. நான்தான் காப்பாத்தினேன். அதான் நானே உடைக்கறேன்."

"பாக்கறவங்களுக்குக் கஷ்டமா இருக்கு, ஆர்வில்லா."

"கஷ்டமா இருந்தா அந்தப் பக்கம் பாக்கச் சொல்லு. தள்ளு. பை கனக்குது."

யூனிஸ் தள்ளவில்லை. ஆர்வில்லா அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். அதற்கு இன்னும் பத்து அடி கூடுதலாக நடக்க வேண்டியிருந்தது. ஐந்து முடிந்து, ஆறாவதை எடுக்கப் போனபோது அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. பாதி வழியில் நின்றுவிட்டாள். தட்டு சரியத் தொடங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவள் தட்டை வயிற்றில் முட்டுக் கொடுத்து நிமிர்த்திவிட்டிருந்தாள். ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து புல்லில் விழுந்தது. சாறு சட்டையில் வழிந்தது. அந்தக் கறையோடேயே மீதி வழியையும் நடந்தாள்.

மேஜையை அடைந்ததும்தான் அவள் பக்கத்து நாற்காலியில் சரிந்தாள். நான் அட்டையைத் தேடி எடுத்துவந்து அவள் பைகளுக்கு முன்னால் நிறுத்தினேன். பிறகு மே மாதம் செய்திருக்க வேண்டியதை ஆகஸ்டில் செய்தேன். கத்தியை எடுத்து, யூனிஸ் பார்க்க, உடைந்த அந்த ஆறாவது பையையே வெட்டி ஒரு துண்டு எடுத்து, நின்றபடியே தின்றேன்.

உண்மையைச் சொல்கிறேன். பழைய ஓடு மாதிரி அது இல்லை. பழைய ஓடு நாக்கில் படும் முன்னே நொறுங்கிப் பறக்கும். இது கெட்டியாக, பொரபொரவென்று, கொஞ்சம் உப்போடு கடிபட்டது. அடி காய்ந்திருந்தது. ஒரு துளிகூட ஊறவில்லை. மேலே தூவிய உதிரி மாவு பற்களில் மொறுமொறுத்தது, செர்ரியின் புளிப்பு அதைத் தாண்டி வந்து அடித்தது. இது வேறொரு பை. அதன் முறையில் சரியான பை.

"எப்படி இருக்கு?" என்றாள் ஆர்வில்லா.

"அடியில ஊறல," என்றேன். அதைவிடப் பெரிய பாராட்டை அவள் எதிர்பார்க்கவில்லை.

மணி பன்னிரண்டரைக்கு ஒரு பழைய வண்டி வந்து நின்றது. ட்வைலா இறங்கினாள். இரண்டு கையிலும் இரண்டு நீலப்பழப் பை. பதினான்கு வருஷத்தில் அவள் அந்தப் புல்லில் கால் வைத்தது அன்றுதான். யாரையும் கேட்காமல், பை மேஜையில் ஆர்வில்லாவின் பைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். யூனிஸ் வாயைத் திறந்தாள். ஆர்வில்லா அவளைப் பார்த்தாள். யூனிஸ் மூடிக்கொண்டு எலுமிச்சைச் சாறு ஊற்றப் போய்விட்டாள்.

எல்லோரும் ஓடிவந்து தின்றார்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. சிலர் அட்டையைப் படித்துவிட்டு நகர்ந்தார்கள். ஏரிக்கு அந்தப்புறத்து மனிதர் ஒருவர், பின்னல் எங்கே என்று கேட்டார். கை போனதும் பின்னலும் போச்சு, பழம் அங்கேயேதான் இருக்கு, வேணுமா வேணாமா என்றாள் ஆர்வில்லா. அவர் வாங்கிக்கொண்டார், அரைமணி கழித்து மறுபடி வந்தார். மூன்று மணிக்கு அவளுடைய நாலு பை முடிந்திருந்தன. இரண்டு மிஞ்சின. யூனிஸின் பைகள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆர்வில்லா மிஞ்சிய இரண்டையும் தீயணைப்புக் கொட்டகைக்கு அனுப்பினாள். யூனிஸ் அன்று ஆர்வில்லாவின் பையில் ஒரு துண்டுகூடத் தொடவில்லை. பிறகும் எந்த வருஷமும் தொட்டதில்லை. அவளும் தன் வழியில் உறுதியான பெண்தான்.

செப்டம்பரில் ஆர்வில்லா கமிட்டிக் கூட்டத்துக்கு அழைக்காமலே வந்தாள். சுவரில் இருந்த காகிதத்தை எடுக்க வேண்டும் என்றாள். மூன்றுக்கு இரண்டு என்று முடிவானது. போதகர் ஹோல்ம் அதைக் கழற்றியபோது அதற்குப் பின்னால் சுவர் வெளுப்பாக ஒரு சதுரமாய்த் தெரிந்தது. யூனிஸ் ஒரு வருஷம் தலைவி பதவியை விட்டு விலகியிருந்தாள், பிறகு திரும்பி வந்தாள். அந்தச் சதுரத்தில் என்ன மாட்டலாம் என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.

அன்று கூட்டம் முடிந்ததும் ஆர்வில்லாவை ஏரிச் சாலைக்கு அழைத்துப் போனேன். பீச் பழம் வந்திருந்தது. அவளும் ட்வைலாவும் கல்லாவின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து, பீச்சுக்கு எந்த ஓடு என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். பீச் சாறு செர்ரியைவிட நீர்த்தது, அதனால் அடி ஓடே கூடாது, ஆழமான தட்டில் பழத்தைக் கொட்டி மேலே மட்டும் கனமாக மூட வேண்டும் என்றாள் ட்வைலா. அடி இல்லாதது எப்படிப் பை ஆகும் என்றாள் ஆர்வில்லா.

"பாருங்க, மறுபடியும் தலைவி ஆயிட்டீங்க," என்றாள் ட்வைலா.

"தலைவி இல்ல. பசிக்குது. அடி வெச்சுப் பண்ணு, பாக்கலாம்."

"நீங்க பண்ணுங்க. கைதான் ஒன்னு இருக்கே."

புழு வாங்க வந்த ஒருவர் கதவருகில் நின்று, இருமி, மறுபடி இருமினார். அவர்கள் இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் எழுந்து போய் அவருக்கு அளந்து கொடுத்தேன்.